ஏற்காடும் இருபது கிலோமீட்டரும் – கடிதம்

வணக்கம் சார்,

ஏற்காடு மலைப்பாதை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். சூரமங்கலத்தில் இருக்கிறேன். வயது 34, எடை 74 கிலோ. மூன்று வருடமாக ரோடு பைக் ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஏற்காடு. மற்ற நாட்களில் காலையில் நண்பர்களோடு ஒரு மணி நேரம், ஒருவர் பின் ஒருவராக, நன்றாக அழுத்தித்தான் போவோம். மலையில் எங்கள் குழுவில் நான்தான் முதலில் ஏறுவேன். ஆனால் 20 கிலோமீட்டர் டைம் டிரையல் (ஒவ்வொருவராகத் தனியே ஓட்டி நேரம் பார்க்கும் போட்டி) என்று வந்தால் 36 நிமிடத்துக்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது. மலையில் எனக்குப் பின்னால் வருகிறவர்கள் இங்கே என்னைவிடச் சீக்கிரம் முடித்துவிடுகிறார்கள். முதல் ஐந்து கிலோமீட்டர் பறக்கும், அப்புறம் கால் கல்லாகிவிடும். அடுத்த போட்டிக்குப் பத்து வாரம் இருக்கிறது. கார்பன் வீல் வாங்கட்டுமா, மிதிக்கும் சக்தியை அளந்து காட்டும் பவர் மீட்டர் வாங்கட்டுமா?

கே., சூரமங்கலம்

அன்புள்ள கே.,

வாங்குவதைப் பற்றிக் கடைசியில் பேசுவோம். உங்கள் வாரத்தை ஒருமுறை திரும்பப் பாருங்கள். ஞாயிறு மலை. மற்ற நாள் குழு. இதில் நீங்கள் தனியாக, வேகமாக, காற்றுக்கு எதிரே ஓட்டுகிற நாள் எது? ஒன்றுகூட இல்லை. போட்டி நாளன்றுதான் காற்றை முதல்முறையாக நேருக்கு நேர் சந்திக்கிறீர்கள்.

மலையில் நீங்கள் மல்லுக்கட்டுவது உங்கள் எடையோடு. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடிக்கும் வேகத்தில் காற்றுக்குப் பெரிய வேலை இல்லை. குழுவில் போகும்போது முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுக்கிறார். அவர் பின்சக்கரத்தை ஒட்டிப் போகிறவருக்கு உழைப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும். சமதளத்தில் தனியாக 33 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதுதான் உங்கள் சக்தியில் பெரும்பகுதியைக் காற்று தின்கிறது. அதிலும் தடுப்பது சைக்கிள் அல்ல, பெரும்பாலும் உங்கள் உடம்பு. 74 கிலோவா 80 கிலோவா என்று காற்று கேட்பதில்லை. நெஞ்சும் தோளும் எவ்வளவு அகலமாக எதிரே நிற்கின்றன என்பதுதான் அதற்குக் கணக்கு. மலையில் உங்களிடம் தோற்கிற நண்பர் அங்கே ஜெயிப்பது இதனால்தான்.

ஒரு சின்னக் கணக்கு. காற்றை எதிர்க்கத் தேவைப்படும் சக்தி, வேகத்தின் கனமாக (வேகம் × வேகம் × வேகம்) உயரும். 36 நிமிடம் என்றால் உங்கள் வேகம் மணிக்கு 33.3 கிலோமீட்டர். அதை 35 ஆக்கினால் 34 நிமிடச் சொச்சத்தில் முடிப்பீர்கள். வேகம் கூடுவது 5 சதவீதம், காற்றுக்குக் கொடுக்க வேண்டிய சக்தி கூடுவதோ 15 சதவீதத்துக்கும் மேல். மூன்று வருடம் ஓட்டிய காலில் பத்து வாரத்தில் 15 சதவீதம் ஏற்றுவது கடினம். பாதியைக் காலிலிருந்து எடுங்கள், மீதியை உட்காரும் விதத்திலிருந்து எடுங்கள்.

1989 டூர் டி பிரான்ஸின் கடைசி நாளை இதற்காகவே எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம். வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர் டைம் டிரையல். அதுவரையிலான மொத்த நேரத்தில் லாரன்ட் ஃபின்யோன் 50 விநாடி முன்னிலையில் இருந்தார். இரண்டாவதாக இருந்த கிரெக் லெமாண்ட் கைகளை முன்னால் நீட்டி ஊன்றிக்கொள்ளும் நீள் கைப்பிடியோடும் காற்றை வழுக்கிவிடும் ஹெல்மெட்டோடும் வந்தார். ஃபின்யோன் ஹெல்மெட் இல்லாமல், குடுமி பறக்க ஓட்டினார். அன்று ஒரு நாளில் லெமாண்ட் அவரைவிட 58 விநாடி சீக்கிரம் முடித்தார். மூன்று வாரப் போட்டியை 8 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். இன்னொன்றும் செய்தார்: வழியில் யாரும் தனக்கு நேரம் சொல்ல வேண்டாம் என்று தன் அணியின் காரிடம் சொல்லிவிட்டார். அவ்வளவு தூரம் தன் உழைப்பை உடம்பாலேயே அளக்கத் தெரிந்தவர்.

நீள் கைப்பிடிக்கு உங்கள் போட்டி விதி இடம் கொடுத்தால் போடுங்கள். இல்லாவிட்டாலும் கவலை இல்லை. முழங்கையை மடக்கி, தோளைக் குறுக்கி, தலையைத் தோள்களுக்கு நடுவே இறக்கி ஓட்டப் பழகுங்கள், பார்வை மட்டும் சாலையில் இருக்கட்டும். மலையில் நிமிர்ந்து, நெஞ்சை விரித்து மூச்சு வாங்கியே பழகிய உடம்பு இப்படிக் குனிந்ததும் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். இடுப்பு மடங்கிய நிலையில் தொடை வேலை செய்யப் பழகியிருக்காது, கழுத்து பதினைந்தாவது நிமிடத்தில் கெஞ்ச ஆரம்பிக்கும். அதனால் கடினமான பயிற்சி எல்லாவற்றையும் போட்டி நிலையிலேயே செய்யுங்கள். நண்பர் ஒருவரைச் சாலையோரம் நிறுத்தி, முதல் கிலோமீட்டரில் ஒன்று, பதினைந்தாவது கிலோமீட்டரில் ஒன்று என்று பக்கவாட்டில் படம் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டாவது படத்தில் முழங்கை நிமிர்ந்திருக்கும், தலை தூக்கியிருக்கும், சட்டை முதுகில் புடைத்துக்கொண்டு நிற்கும். உங்கள் விநாடிகள் போகிற இடம் அதுதான்.

இனி வாரம். தினமும் நன்றாக அழுத்துகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது உடம்பைத் தேற்றவும் விடாது, உச்சத்துக்குக் கொண்டுபோகவும் செய்யாது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கடினம். ஒரு நாள், ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய அளவில், இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் பேச முடியாத அழுத்தத்தில், 12 நிமிடம் மூன்று முறை, இடையில் ஐந்து நிமிடம் ஓய்வு. ஒரு மாதத்துக்குப் பிறகு அதையே 20 நிமிடம் இரண்டு முறை ஆக்குங்கள். இன்னொரு நாள், அதைவிட அழுத்தி 4 நிமிடம் ஐந்து முறை, நடுவே அதே அளவு ஓய்வு. மற்ற நாட்களில் பாடிக்கொண்டு போகலாம் என்கிற வேகம். நண்பர்கள் கேலி செய்வார்கள், செய்யட்டும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை மொத்தத்தையும் குறையுங்கள்.

எங்கே ஓட்டுவது? நெடுஞ்சாலை வேண்டாம், கே. லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வேகம் பார்ப்பதை நான் பயிற்சி என்றே சொல்ல மாட்டேன். கஞ்சமலையைச் சுற்றி இளம்பிள்ளைப் பக்கம் போகும் சாலைகளை விடியற்காலையில் போய்ப் பாருங்கள், தறிச் சத்தம் தொடங்கும் முன்பே ஒரு சுற்று முடித்துவிடலாம். வேகத்தடைகள் எங்கெங்கே என்று முதல் நாள் மெதுவாகப் போய்க் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டை விடச் சொல்லவில்லை. சிக்னலும் குறுக்குச் சாலையும் இல்லாத அந்த ஏற்றம் 20 நிமிட அழுத்தத்துக்கு அருமையான இடம். ஆனால் வளைவுகளில் என்ன செய்கிறீர்கள் என்று கவனியுங்கள். நம் பக்கம் உள்வளைவாக வரும் இடங்களில் ஏற்றம் திடீரென்று செங்குத்தாகும். எல்லோரும் அங்கே எழுந்து நின்று மிதிப்பார்கள், தாண்டியதும் காலைத் தளர்த்துவார்கள். மலையில் அது நடக்கும். டைம் டிரையலில் இந்த ஏற்ற இறக்கம் உங்களைக் கொல்லும். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, உட்கார்ந்தபடி, ஒரே அழுத்தத்தில் கடந்து பாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இப்படி ஏறினால் போதும்.

முதல் ஐந்து கிலோமீட்டர் பறக்கிறது என்றீர்களே, அதைத்தான் உடனே நிறுத்த வேண்டும். தொடங்கிய பரபரப்பில் வலியே தெரியாது. இதயத்துடிப்பும் உழைப்புக்குப் பின்தங்கித்தான் ஏறும் என்பதால் மணிக்கட்டில் தெரியும் எண்ணை முதல் மூன்று நிமிடம் நம்பாதீர்கள். 'இது போதுமா?' என்று சந்தேகம் வருகிற அளவில் தொடங்குங்கள். பத்தாவது கிலோமீட்டரில் சந்தேகம் போய்விடும். கடைசி ஐந்தில் மிச்சம் வைக்காதீர்கள். போய்த் திரும்பும் பாதை என்றால் எதிர்க்காற்றுப் பாதியில் கொஞ்சம் கூடுதலாக அழுத்துங்கள், அதிக நேரம் செலவாவது அங்கேதான்.

கோடையில் பயிற்சி வந்தால், சேலத்து வெயிலுக்கு உடம்பு பழக இரண்டு வாரம் கொடுங்கள். அந்த நாட்களில் அதே வேகத்துக்கு இதயத்துடிப்பு கூடுதலாக இருக்கும், பயப்பட வேண்டாம். உப்புப் போட்ட மோர் போதும். போட்டிக்கு முந்தைய பத்து நாளில் தூரத்தைப் பாதியாக்குங்கள். ஆனால் கடின நாட்களைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், அடியோடு விட்டுவிடாதீர்கள்.

இப்போது வாங்குவது. முதலில் உடம்போடு ஒட்டும் சட்டை, நல்ல டயர், சுத்தமான செயின். இதயத்துடிப்புப் பட்டை இருந்தால் பத்து வாரத்தையும் ஓட்டிவிடலாம். அதற்கு மேல் பணம் இருந்தால் பவர் மீட்டர், சீராக அழுத்துகிறீர்களா என்று அது பொய் சொல்லாமல் காட்டும். கார்பன் வீல் 34 நிமிடத்தைத் தொட்ட பிறகு.