டிபி பாக்ஸை இடம் மாற்றினால் பழைய வயர்களை ஜாயிண்ட் போட்டு நீட்டலாமா?

குளச்சலில் வீடு, படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் டிபி பாக்ஸை (வீட்டு லைன்களுக்கெல்லாம் கரண்ட் பிரிகிற சுவிட்ச் பெட்டி) 3 மீட்டர் தள்ளி ஹாலுக்குக் கொண்டுபோனால் வயர் எட்டாது என்கிறீர்கள். நீட்டலாம், ஆனால் முறுக்கி டேப் சுற்றுகிற வேலை வேண்டாம். எங்கள் வீட்டில் அப்படி ஒரு பழைய ஜாயிண்டைப் பிரித்தபோது டேப் பிசுபிசுவென்று கையோடு வந்தது. உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. கடலோர உப்புக் காற்று சும்மா விடுமா?

பழைய பாக்ஸ் இருந்த இடத்திலேயே மூடி திறக்கிற ஜங்ஷன் பாக்ஸ் வைத்து, உள்ளே நல்ல கனெக்டரில் இணையுங்கள். அதன்மேல் சிமென்ட் பூசிவிடாதீர்கள். லைட்டுக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 சதுர மி.மீ. என்று பழைய வயர் எந்த அளவோ, நீட்டும் வயரும் அதற்குக் குறையக் கூடாது. எர்த்தையும் சேர்த்து நீட்ட வேண்டும், அதைத்தான் பலர் மறக்கிறார்கள். நியூட்ரல்கள் மாறிப்போனால், கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கிற ஆர்சிசிபி சுவிட்ச் ட்ரிப் ஆகும். முதலிலேயே ஒவ்வொரு வயருக்கும் நம்பர் ஒட்டிவிடுங்கள்.

மீட்டரிலிருந்து வரும் மெயின் கேபிளில் மட்டும் ஜாயிண்ட் வேண்டாம், முழு நீளத்துக்குப் புதிதாகவே இழுங்கள். மீட்டர் சீலில் கை வைக்கக் கூடாது, அது மின்வாரியத்தின் வேலை. மற்றதற்கு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான். அப்புறம், கரண்ட் கொடுக்கும் முன் மெக்கர் (வயர் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.