பர்லெஸ்க் மேடையில் தன்னம்பிக்கையோடு நிற்பதற்கு எப்படிப் பழகுவது?

வகுப்பில் எல்லா அசைவும் சரியாக வருகிறது, மேடை ஏறியதும் கை நடுங்குகிறது, கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, பார்த்தவர்களும் “நன்றாகத்தான் ஆடினாய், ஆனால் மனத்தில் நிற்கவில்லை” என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நாடகமும் குறும்பும் கலந்து, உடைகளை ஒவ்வொன்றாகக் களைந்தபடி ஆடும் பர்லெஸ்க்கை லண்டனில் மதுக்கூடங்களின் மாடியறைகளிலும் சிறு கேபரே அரங்குகளிலும் ஆடி வருபவள் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: தன்னம்பிக்கைக்கான வேலையை உங்கள் உடையிலிருந்து தொடங்குங்கள்.

காரணம் எளிது. பதற்றம் உடலில் ஏறும்போது முதலில் கெடுவது விரல்நுனியின் நுட்பமான வேலை. வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிய சின்னக் கொக்கி, மேடையில் அகப்படாது. அகப்படாத கொக்கியைத் தேடிக் கண் கீழே போகும். கண் கீழே போன அந்தக் கணமே பார்வையாளருக்கும் உங்களுக்கும் இடையே இருந்த தொடர்பு அறுந்துவிடும். மேடையில் ஆள் இருந்தும் இல்லாதது போலத் தோன்றுவதற்கு, நான் பார்த்தவரை, பெரும்பாலும் இதுவே காரணம். ஆகவே சிறு கொக்கிகளை எடுத்துவிட்டுப் பெரிய கொக்கிகளோ அழுத்துப் பொத்தான்களோ தைத்துக்கொள்ளுங்கள். ஒத்திகையின்போது பாதி உடையில் ஆடிப் பழகாதீர்கள்; மேடையில் அணியப்போகும் அதே காலணி, அதே ஸ்டாக்கிங், அதே கையுறையோடு, முடிந்தால் உள்ளங்கையைச் சற்று ஈரமாக்கிக்கொண்டு ஆடுங்கள். வியர்த்த கையில் சாட்டின் துணி எவ்வளவு பிடிவாதமாக ஒட்டும் என்பதை வீட்டிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

கையுறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கலையின் பாடம் முழுவதும் அதற்குள் இருக்கிறது. முழங்கைக்கு மேல் வரும் நீண்ட கையுறையை மேலிருந்து உரித்தால் அது தன்மேலேயே சுருண்டு மணிக்கட்டில் சிக்கிக்கொள்ளும். முதலில் சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரல்நுனியையும் இலேசாக இழுத்துத் தளர்த்த வேண்டும். அதன்பிறகு நடுவிரலின் நுனியைப் பற்றி, அல்லது பல்லால் கவ்வி, கையை மெல்லப் பின்னுக்கு இழுத்தால் கையுறை நீளமாக வழுக்கி வரும். ஐந்து விரலுக்கு ஐந்து சிறு நிறுத்தங்கள் கிடைக்கின்றன. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒருவரை நிமிர்ந்து பாருங்கள். அவர் சிரிப்பதையோ கண்ணை விலக்குவதையோ கவனித்த பிறகு அடுத்த விரலுக்குப் போங்கள். அப்படிக் காத்திருக்கும் துணிவு வந்துவிட்டால், புதிதாக எந்த அசைவும் கற்காமலேயே உங்கள் ஆட்டம் மாறிவிடும்.

இடையை இறுக்கிப் பிடிக்கும் கார்செட்டுக்கும் இப்படி ஒரு சூட்சுமம் உண்டு. அதன் முன்புறத்தில் இரண்டு எஃகுப் பட்டைகள் இருக்கும், ஒன்றில் குமிழ்கள், மற்றதில் துளைகள். இரண்டு பக்கத்தையும் ஒன்றோடொன்று நெருக்கினால்தான் குமிழ் விடுபடும் என்பதால், பின்னால் நாடா இறுகியிருக்கும்வரை எவ்வளவு போராடினாலும் அது திறக்காது. மேடைக்குக் கட்டும்போது வழக்கத்தைவிடச் சற்றுத் தளர்வாகக் கட்டச் சொல்லுங்கள், அல்லது முதுகைக் காட்டி நின்று நாடாவை நிதானமாக இழுத்து அவிழ்ப்பதையே ஆட்டத்தின் ஒரு பகுதியாக்குங்கள். ஸ்டாக்கிங்கைப் பிடிக்கும் பட்டைகளை உள்ளாடைக்கு மேலாக மாட்டுகிறீர்களா, உள்ளே மாட்டுகிறீர்களா என்பதுகூட எதை முதலில் கழற்ற முடியும் என்பதைத் தீர்மானிக்கும். ஆகவே கழற்றும் வரிசையை முதலில் எழுதிக்கொண்டு, அதைத் தலைகீழாகப் படித்து உடுத்துங்கள்.

அடுத்தது வேகம். புதியவர்கள் அசைவுகளை அடுக்கிக்கொண்டே போவார்கள், சும்மா நிற்பதற்கு அவ்வளவு பயம். இந்தக் கலையின் முன்னோடிகளைப் பாருங்கள். 1930-களில் நியூயார்க்கில் மின்ஸ்கி சகோதரர்களின் பர்லெஸ்க் அரங்குகளில் புகழ்பெற்ற ஜிப்ஸி ரோஸ் லீ, களைந்தது குறைவு, பேசியது அதிகம். புத்திசாலித்தனமான பேச்சாலும் காக்கவைப்பதாலும் கூட்டத்தைக் கட்டிப்போட்டார். 1933-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் சாலி ராண்ட் இரண்டு பெரிய தீக்கோழி இறகு விசிறிகளோடு ஆடினார். எதையோ பார்த்துவிட்டோம் என்று மக்கள் நினைத்ததுதான் மிச்சம், விசிறி எப்போதும் முந்திக்கொண்டது. உங்கள் ஆட்டத்தில் இருக்கும் அசைவுகளில் பாதியை நீக்கிவிட்டு அதே பாட்டுக்கு ஒருமுறை ஆடிப் பாருங்கள். வெறுமையாகத் தெரியும் இடங்களை உடனே நிரப்பாதீர்கள். அங்கெல்லாம் நீங்கள் ஏற்றிருக்கும் பாத்திரம் என்ன நினைக்கிறது என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். மகாராணியா, திருடியா, விருந்துக்குத் தாமதமாக வந்தவளா என்பது தெளிவாக இருந்தால் நிற்பதற்கே ஒரு காரணம் கிடைத்துவிடும்.

கண்ணைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கண்ணாடி முன்னால் மட்டுமே பழகுகிறவர்களுக்குத் தங்களையே பார்த்துக்கொள்ளும் வழக்கம் படிந்துவிடுகிறது. அசைவு மனப்பாடமானதும் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி ஆடத் தொடங்குங்கள். மேடை விளக்கு கண்ணைக் கூசவைப்பதால் முதல் ஓரிரு வரிசைகளைத் தவிர வேறு எதுவும் தெரியாது. ஆகவே இடம், நடு, வலம் என மூன்று இடங்களை விளக்கு சரிபார்க்கும்போதே குறித்துவைத்து, தெரியாத முகங்களையும் தெரிவதைப் போலப் பாருங்கள். பரதம் பயின்றதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அது பெரும் பலம். ஆனால் பதம் என்னும் அபிநய உருப்படியில் நாயகன் மேடையின் வெளியில் கற்பனையாக நிற்கிறான், இங்கே எதிரில் உட்கார்ந்திருப்பவர்களே அந்தப் பாத்திரம். அவர்கள் கூவுவார்கள், சீட்டியடிப்பார்கள், தொகுப்பாளரே அவர்களைச் சத்தம் போடச் சொல்லித்தான் நிகழ்ச்சியைத் தொடங்குவார். அந்தச் சத்தத்துக்குப் பதில் சொல்லாமல் ஆடினால் காதில் விழாதவர் போலத் தோன்றும். சத்தமே எழாவிட்டால் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கூர்ந்து பார்க்கும் கூட்டமும் மௌனமாகத்தான் இருக்கும்.

உடலைப் பற்றிய கூச்சம் முழுவதும் போன பிறகுதான் மேடை ஏற வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. கூச்சத்தோடே ஆடலாம். அமெரிக்க பர்லெஸ்க் கலைஞர் டெம்பெஸ்ட் ஸ்டார்ம் எண்பது வயதைத் தாண்டியும் மேடை ஏறினார். பருத்த உடல்வாகுடைய டர்ட்டி மார்ட்டினி 2004-இல் பர்லெஸ்க் கலைஞர்களுக்கான மிஸ் எக்ஸாடிக் வேர்ல்ட் பட்டத்தை வென்றார். இந்தக் கலை ஒரே அளவு உடலைக் கேட்பதில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? நம் நிறத்துக்கு மட்டும் சில ஏற்பாடுகள் தேவைப்படும். கடையில் ‘தோல் நிறம்’ என்று விற்கும் ஸ்டாக்கிங்கும் வலைத்துணியும் பெரும்பாலும் வெள்ளைத் தோலுக்கானவை. சாயமேற்றியோ கறுப்பினத்தவருக்கான நிறங்களைத் தேடியோ வாங்குங்கள். விளக்குக்காரரிடம் பச்சையைத் தவிர்த்து அம்பர் எனும் தேன்மஞ்சள், இளஞ்சிவப்பு ஒளி கேளுங்கள். நமக்கு அவை மிக அழகாக அமையும். மார்புக்காம்பை மறைக்க ஒட்டும் பேஸ்டிகள் கழன்றுவிடுமோ என்ற பயம் இருந்தால், அன்று உடம்பில் எண்ணெயும் லோஷனும் தடவாதீர்கள், ஒட்டும் முன் தோலை நன்றாகத் துடைத்து உலரவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ, யாராவது படம் எடுத்துவிடுவார்களோ என்ற கலக்கம் மனத்தின் ஓரத்தில் இருந்தால் எந்தப் பயிற்சியும் பலிக்காது. மேடைப் பெயர் வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சியைப் பதிவு செய்கிறார்களா, படங்களை எங்கே வெளியிடுவார்கள், பார்வையாளர் படமெடுப்பதைத் தடுப்பார்களா என்று ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். நேரான பதில் தராத இடத்தில் ஆட வேண்டாம்.

அன்றைய இரவில், உங்கள் முறைக்குச் சற்று முன்பு மூச்சை உள்ளே இழுப்பதைவிட நீளமாக வெளியே விடுங்கள். நடுக்கம் முழுவதும் அடங்காவிட்டாலும் தோள் இறங்கும். எதாவது சிக்கிக்கொண்டால் மறைக்காமல், களைந்த துணிகளை எடுக்க வரும் உதவியாளரையோ முன்வரிசையில் இருப்பவரையோ விரலசைத்து அழையுங்கள். அதைக் கூட்டம் மிகவும் இரசிக்கும். ஆட்டம் முடிந்ததும் ஓடிவிடாமல், இசை நின்ற பிறகும் ஒரு முழு மூச்சு நேரம் நின்று கைத்தட்டலை வாங்கிக்கொண்டு இறங்குங்கள். காணொளியை அன்றிரவே பார்க்க வேண்டாம். சில நாள் கழித்து, முதலில் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். கண் எந்தெந்த இடத்தில் கீழே போகிறது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு, அந்த இடத்திலுள்ள கொக்கியையோ முடிச்சையோ அடுத்த நிகழ்ச்சிக்குள் மாற்றித் தைத்துவிடுங்கள்.