எல்லாவற்றுக்கும் ஒரே துப்பாக்கி: பென்னாகரம் விவசாயிக்குப் பதில்

கேள்வி: பென்னாகரத்துக்கு மேற்கே, காப்புக்காட்டை ஒட்டி எங்களுக்கு நான்கு ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. நிலக்கடலையும் மரவள்ளியும் போடுகிறோம். காட்டுப்பன்றி இறங்கினால் ஒரே இரவில் பாதிக் கொல்லையை உழுதுவிடுகிறது. தாத்தா பயிர்க்காவலுக்கு உரிமம் வாங்கி வைத்திருந்த ஒற்றைக்குழல் மருந்துத் துப்பாக்கி (குழலில் வெடிமருந்தைக் கெட்டித்துச் சுடுவது) வீட்டில் இருக்கிறது. அவர் சென்ற ஆண்டு காலமாகிவிட்டார். டெக்சாஸில் இருக்கும் அத்தை மகன், ".30-06 ரைபிள் ஒன்று வாங்கிவிடு, பன்றி, முயல், கவுதாரி என்று எல்லா வேட்டைக்கும் அது ஒன்றே போதும்" என்கிறார். அவர் சொல்வது சரியா? எதை வாங்கலாம்?

பதில்: வாங்குவது இருக்கட்டும் ஐயா. வீட்டில் இருக்கும் துப்பாக்கியை முதலில் பாருங்கள். உரிமம் தாத்தாவின் பெயரில் இருந்தது. அவர் இறந்த பிறகு அது உங்கள் வீட்டில் இருப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, வைத்திருக்கும் உரிமை முடிந்த ஆயுதத்தைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. பழைய உரிமப் புத்தகத்தையும் இறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே போய் ஒப்படைத்து, ரசீது வாங்குங்கள். ஒப்படைத்தால் கைவிட்டுப் போய்விடும் என்று அஞ்ச வேண்டாம். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் வாரிசு உரிமத்துக்கென்றே 25ஆம் விதி இருக்கிறது. உரிமதாரர் இறந்தால் சட்டப்படியான வாரிசு அதே ஆயுதத்துக்கு விண்ணப்பிக்கலாம். உரிமதாரர் 70 வயதைத் தொட்டாலோ 25 ஆண்டுகள் ஆயுதத்தை வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றவும் வழி உண்டு. வீட்டில் பெரியவர் பெயரில் துப்பாக்கி இருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

இனி உங்கள் கேள்வி. எல்லா வகை வேட்டைக்கும் ஒரே துப்பாக்கி என்றால் என் பதில் 12 போர் (bore, குழலின் உள்ளளவு) துப்பாக்கிதான். ஆனால் அதைக் கொண்டு பென்னாகரத்தில் நீங்கள் ஒரு முயலைக்கூடச் சுட முடியாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு வேட்டையைத் தடுக்கிறது. பன்றி, முயல், கவுதாரி மூன்றுமே பாதுகாக்கப்பட்டவை. மயிலைச் சுட்டால் தண்டனை இன்னும் கடுமை. உங்கள் பட்டா நிலத்துக்குள் வந்து உங்கள் கடலையைத் தின்றுகொண்டிருந்தாலும் சட்டம் மாறாது. முயற்சியும் வேட்டை என்றே கணக்கு. அதனால் "சுட்டேன், படவில்லை" என்பது உங்களைக் காப்பாற்றாது. சாதாரணமாக மூன்று ஆண்டு வரை சிறை. சரணாலயத்துக்குள் என்றால் குறைந்தது மூன்று ஆண்டு, ஏழு ஆண்டு வரை போகலாம். தண்டனை உறுதியானால் நீதிமன்றம் ஆயுத உரிமத்தையும் ரத்துசெய்யலாம். அதன்பின் ஐந்து ஆண்டுகளுக்கு மறு உரிமம் கிடைக்காது. விலங்கு உங்கள் மீதே பாய்ந்து, உயிரைக் காத்துக்கொள்ள நல்லெண்ணத்தோடு சுட்டால் 11ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. அப்போதும் செத்த விலங்கு அரசின் சொத்து. ஒரு துண்டு இறைச்சியைக்கூடத் தொடக்கூடாது.

அத்தை மகன் பொய் சொல்லவில்லை. அவர் ஊரில் காட்டுப்பன்றி என்பது வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டுப் பெருகிவிட்ட இனம். தனியார் நிலத்தில் நில உரிமையாளரின் சம்மதத்தோடு அதைச் சுடுவதற்கு 2019 முதல் டெக்சாஸில் வேட்டை உரிமம்கூடத் தேவையில்லை. அங்கே பன்றிக்கும் மானுக்கும் .30-06 நல்ல ரைபிள். 1906இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த தோட்டா அது, நூறு ஆண்டு தாண்டியும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் "எல்லா வேட்டைக்கும்" என்பதில்தான் அவர் தவறுகிறார். பறக்கிற பறவையை ரைபிளால் சுடுவது யாருக்கும் ஆகாத காரியம். வலசைப் பறவைகளை ரைபிளால் சுடுவதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டமே தடுக்கிறது. முயல் மீது .30-06 பட்டால் சமைக்க ஒன்றும் மிஞ்சாது. அங்கேயும் ஒன்றே ஒன்று வைத்துக்கொள்ள நினைப்பவர்களில் பலர் 12 போர் பம்ப் துப்பாக்கிக்குத்தான் (முன்கட்டையை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் வகை) வருகிறார்கள். 1950இல் வந்த ரெமிங்டன் 870 அந்த வகை. உடல் ஒன்று, கழற்றி மாட்ட இரண்டு குழல்கள்: பறவைக்கு நீளமானது, மானுக்கும் பன்றிக்கும் ஒற்றைக்குண்டு போடும் குட்டையானது.

12 போருக்கு இந்தப் பலம் எங்கிருந்து வருகிறது? தோட்டாவிலிருந்து. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாகப் பிரித்தால், ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ அதுவே குழலின் உள்விட்டம், ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். அந்த அகலமான வழுவழுப்பான குழலுக்குள் எதையும் அனுப்பலாம். பொடி ரவை போட்டால் நூற்றுக்கணக்கான மணிகள் விரிந்து பறவையை வீழ்த்தும். எஸ்.ஜி. தோட்டாவில் இருப்பவை எட்டு மில்லிமீட்டருக்குச் சற்றே மேற்பட்ட பருமனுள்ள சில குண்டுகள்; முப்பது, முப்பத்தைந்து மீட்டருக்குள் பெரிய விலங்கையும் நிறுத்தும். ஒற்றைக்குண்டு போட்டால் எழுபது, எண்பது மீட்டர் வரை குறி நிற்கும். துப்பாக்கி ஒன்றுதான், தோட்டாவை மாற்றினால் வேலை மாறிவிடுகிறது. ரைபிளுக்கு இந்த வசதி கிடையாது.

நம் நில அமைப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. .30-06 குண்டு நான்கு, ஐந்து கிலோமீட்டர் வரை பறக்கக்கூடியது. ஏரியூர்ப் பக்கமோ அஞ்செட்டிப் பக்கமோ ஒரு மேட்டில் நின்று பாருங்கள்: பாறை, பள்ளம், அடுத்த கொல்லையில் காவல் பரண், அதற்கடுத்து குடிசை. பாறையில் பட்டுத் தெறிக்கும் ரைபிள் குண்டு எந்தப் பரணில் போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பொடி ரவை முந்நூறு மீட்டருக்குள் ஓய்ந்துவிடும். ஒற்றைக்குண்டு அப்படியல்ல, அது ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

சட்டமும் இந்தப் பக்கமே சாய்கிறது. ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள வழுவழுப்புக்குழல் துப்பாக்கியையும், உண்மையான பயிர்க்காவலுக்கு மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியையும் தனியாக வைத்துப் பேசுகிறது. பயிர்க்காவலுக்கு மருந்துத் துப்பாக்கி போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால் வேறு வழுவழுப்புக்குழல் துப்பாக்கிக்கும் அனுமதி தரலாம். பயிர்க்காவல் உரிமம் என்பது பன்றியைக் கொல்லும் அனுமதி அல்ல; இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். உரிமம் வைத்திருந்த பெரியவர்கள் பலரும் ரவை போடாமல் வெறும் மருந்தைக் கெட்டித்துச் சத்தம் எழுப்பித்தான் காவல் காத்தார்கள். சைக்கிள் பால்ரஸ் குண்டைப் போட்டு நாட்டுத் துப்பாக்கியில் சுடும் பழக்கம் வேறு. அது ஆயுதச் சட்டம், வனவிலங்குச் சட்டம் இரண்டின் கீழும் குற்றம். உரிமமில்லாத் துப்பாக்கி வைத்திருந்ததற்கே தனியாக இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு.

தற்காப்புக்காகப் பழைய இரட்டைக்குழல் ஒன்றை வாங்குவதாக இருந்தால், விற்பனையாளர் கடையிலேயே பொறுமையாகப் பாருங்கள். அறையில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் சோதித்த பிறகு முன்கட்டையைக் கழற்றுங்கள். குழல்களை உடலோடு பூட்டி, கட்டையைப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் கீல் தேய்ந்துவிட்டது. பூட்டிய நிலையில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் குழலின் பின்முகத்துக்கும் உடலுக்கும் இடையே ஒளிக்கீற்று தெரியக்கூடாது. அடுத்து குழல்களைத் தனியே எடுத்து, அவற்றின் அடியில் உள்ள கொக்கியை ஒரு விரலில் தொங்கவிட்டு விரல் கணுவால் தட்டுங்கள். கணீரென்று நீடித்து ஒலித்தால் இரண்டு குழல்களையும் இணைக்கும் பற்றவைப்பு உறுதியாக இருக்கிறது; கரகரத்தால் எங்கோ விட்டிருக்கிறது. உள்ளே பார்க்கும்போது சன்னல் ஒளியைக் குழல் வழியே வாங்குங்கள். ஒளி வளையங்கள் வட்டமாக, வரிசையாக விழ வேண்டும். ஒரு வளையம் நெளிந்திருந்தால் அந்த இடத்தில் குழல் நசுங்கியிருக்கிறது. கறுப்புப் புள்ளிகள் துரு தின்ற குழிகள். வாய்ப்பக்கம் ஒன்றிரண்டு இருந்தால் பொறுக்கலாம், தோட்டா அறையை ஒட்டி இருந்தால் வேண்டாம்.

அறை நீளத்தையும் கேளுங்கள். பழைய ஆங்கிலத் துப்பாக்கிகள் பலவற்றில் அறை இரண்டரை அங்குலம்தான்; இன்றைய தோட்டாக்கள் பெரும்பாலும் இரண்டே முக்கால். தோட்டா உள்ளே போய்விடும், ஆனால் வெடிக்கும்போது முனை விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். இரும்பையும் எஃகையும் முறுக்கி அடித்த, மேற்பரப்பில் சுருள் கோலம் தெரியும் டமாஸ்கஸ் குழலை அழகுக்காகச் சுவரில் மாட்டலாம். இக்காலத் தோட்டாவை அதில் போடவே கூடாது.

விண்ணப்பம் மாவட்ட ஆட்சியருக்கு. ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்றிதழ் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். உங்கள் ஊரில் இன்னொரு தடையும் குறுக்கே நிற்கலாம்: சரணாலய எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புதிய ஆயுத உரிமம் வழங்கத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு தேவை. 2014இல் காவிரி வடக்கு, 2022இல் காவிரி தெற்கு என்று இரண்டு சரணாலயங்கள் நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பரந்து கிடப்பதால், பென்னாகரம், அஞ்செட்டிப் பகுதிகளில் ஏராளமான கிராமங்கள் அந்த வளையத்துக்குள் வந்துவிடுகின்றன. எதற்கும் பணம் கட்டும் முன் வனச்சரக அலுவலகத்தில் உங்கள் சர்வே எண்ணைச் சொல்லித் தூரத்தைக் கேட்டுவிடுங்கள்.

பன்றிக்கு என்ன வழி என்பதுதான் உங்கள் உண்மையான கவலை. 2025 தொடக்கத்தில் தமிழக அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் சுடலாம். ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும். ஒரு கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. உங்கள் நிலம் காட்டை ஒட்டியே இருப்பதால் வனத்துறைகூட அங்கே துப்பாக்கியை எடுக்காது. எனவே துப்பாக்கிக்கு ஒதுக்கிய பணத்தைச் சூரியசக்தி வேலிக்குத் திருப்புங்கள் என்று மனதார வேண்டிக்கொள்கிறேன். வேளாண் பொறியியல் துறையில் மானியம் பற்றிக் கேளுங்கள். 2023இல் வந்த மின்வேலி விதிகளின்படி வனத்துறையில் பதிவுசெய்து போடுங்கள். பயிர்ச்சேதத்துக்கு இழப்பீடு கோரும் மனுவையும் சேதம் நடந்த உடனேயே படத்தோடு கொடுங்கள்.

வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் கொடுக்கும் எண்ணம் மட்டும் வேண்டாம். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே அப்படிப் போட்ட வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் ஒரே இடத்தில் இறந்தன. இரண்டு குட்டிகள் மட்டும் தப்பி நின்றன. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் மனிதரையும் அந்தக் கம்பி விட்டுவைக்காது. சூரியசக்தி வேலியில் மின்சாரம் துடிப்பு துடிப்பாகத்தான் வரும்; விலங்கு அதிர்ந்து விலகும், சாகாது. பன்றி மூக்கால் முட்டிக்கொண்டு வருவதால் கீழ்க்கம்பி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்க வேண்டும். புல் வளர்ந்து அந்தக் கம்பியைத் தொட்டால் துடிப்பு மண்ணுக்குள் இறங்கிவிடும். மழைக்காலத்தில் வாரத்துக்கு ஒரு முறையாவது வேலியடிக் களையைச் செதுக்கிவிடுங்கள்.