மூன்று வாரக் கோழிக்குஞ்சுக்கு ரத்தக்கழிச்சல். தண்ணீரும் குடிக்கவில்லை. மருந்தை வாயில் ஊற்றலாமா?

ஊற்றாதீர்கள். அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள். அதைக் குஞ்சு தானாக விழுங்கட்டும். இது தெரியாமல் என் கையாலேயே ஒரு குஞ்சைக் கொன்றிருக்கிறேன்.

அதுவும் உங்கள் குஞ்சைப் போலக் கழிச்சல் கண்டு, இறக்கையைத் தொங்கவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு மூலையில் நின்றது. பேரனுக்குக் காய்ச்சல் மருந்து கொடுக்கும் சிரிஞ்சில் மருந்துத் தண்ணீரை உறிஞ்சி, அலகைப் பிளந்து ஒரே அழுத்தாக அழுத்தினேன். 1 மில்லிதான் இருக்கும். குஞ்சு கழுத்தை நீட்டியது. மூக்குத் துளையில் ஒரு நுரைக்குமிழ் வந்தது. இரண்டு உதை உதைத்துவிட்டு அடங்கிப்போனது. "நோவு முற்றிவிட்டது, நீங்கள் என்ன செய்வீர்கள்" என்று மனைவி தேற்றினாள். அந்தக் குமிழைப் பார்த்தவன் நான்தானே.

நல்ல கோழி ஒன்றின் அலகைத் திறந்து பாருங்கள். நாக்கின் பின்னால், அதன் அடிப்பகுதியில் சிறு கீறல் போல ஒரு துவாரம் மூச்சுக்கு மூச்சு திறந்து மூடும். மூச்சுக்குழாயின் வாய் அது. நமக்கிருக்கும் குரல்வளை மூடி பறவைகளுக்குக் கிடையாது. தானாக விழுங்கும்போது அந்தத் துவாரம் சுருங்கிக்கொள்ளும். மூச்சு இழுக்கும் நேரத்தில் நாம் மருந்தைப் பீய்ச்சினால் நேராக நுரையீரலுக்குப் போய்விடும்.

முதலில் சூடு. காலைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் மருந்தை எடுக்கவே எடுக்காதீர்கள். அட்டைப்பெட்டியில் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டு அரைமணி நேரம் வையுங்கள். குளிர்ந்த குஞ்சுக்கு விழுங்கவும் தெம்பிருக்காது, உள்ளே போன மருந்தும் தீனிப்பையிலேயே தங்கிவிடும்.

பிறகு ஒரு துணியில் தளர்வாகச் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இறுக்கிப் பிடிக்கவே கூடாது. கோழிக்கு உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மூச்சிழுக்க உதவும் தசை) இல்லை. நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு. நெஞ்சை அமுக்கிப் பிடித்தால் மருந்து கொடுக்கும் முன்பே மூச்சு முட்டிப்போகும். தலையை அண்ணாத்திப் பிடிக்கவும் வேண்டாம், இயல்பாக இருக்கும் நிலையே போதும். இங்க் ஃபில்லரிலோ ஊசி கழற்றிய சிரிஞ்சிலோ ஒரு சொட்டை அலகு சேரும் ஓரத்தில் வைத்தால் உள்ளே கசியும். தொண்டை அசைகிறதா என்று பாருங்கள். அசைந்த பிறகுதான் அடுத்த சொட்டு. சுமார் 20 சொட்டு 1 மில்லி.

இன்சுலின் சிரிஞ்சு பயன்படுத்துவோர் கவனிக்க: நம் ஊர்க் கடைகளில் கிடைப்பதில் பல 40 யூனிட் வகை, அதில் 40 கோடு சேர்ந்தால் 1 மில்லி. "10" என்ற கோடு கால் மில்லி. 100 யூனிட் வகையில் அதே "10" வெறும் 0.1 மில்லி.

ரத்தக்கழிச்சலை உண்டாக்குவது காக்சிடியா என்ற ஒட்டுண்ணி. கால்நடை மருத்துவர்கள் பெரும்பாலும் எழுதித் தருவது ஆம்ப்ரோலியம் 20 சதவீதத் தூள். 25 லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் என்பது வழக்கமான அளவு, அதாவது லிட்டருக்கு 1.2 கிராம். இதைத் தேக்கரண்டியில் அளக்க முடியாது. சமையலறைத் தராசில் 6 கிராம் நிறுத்து 5 லிட்டரில் கரைத்துவிடுங்கள். மிச்சம் வீணாகாது, கூட இருக்கும் எல்லாக் குஞ்சுகளுக்கும் அதுதான் தண்ணீர், 5 நாளைக்கு வேறு தண்ணீர் கூடாது, தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். குடிக்காத குஞ்சுக்கும் அதே தண்ணீரைத்தான் சொட்டாக வைக்க வேண்டும். சீக்கிரம் குணமாகட்டும் என்று கெட்டியாகக் கரைக்காதீர்கள்.

சோர்வாக இருக்கிறதே என்று பி காம்ப்ளெக்ஸ் சொட்டு மருந்தைக் கூடவே கொடுப்பவர்கள் உண்டு. ஆம்ப்ரோலியம் வேலை செய்வதே பி காம்ப்ளெக்ஸில் இருக்கும் பி1 வைட்டமின் ஒட்டுண்ணிக்குக் கிடைக்காமல் தடுப்பதால்தான். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிற கதை. சத்து மருந்தெல்லாம் 5 நாள் கழித்து. வீட்டில் மிச்சமான மனித மாத்திரையை நகத்தளவு உடைத்துப் போடுவதும் வேண்டாம். நூறு, நூற்றைம்பது கிராம் உடம்புக்கு அந்த நகத்தளவு எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? சின்ன வெங்காயத்தை நறுக்கித் தொண்டையில் திணிக்கச் சொல்லும் அண்டை வீட்டார் எனக்கும் இருக்கிறார்கள். பெரிய கோழி தானாகக் கொத்தித் தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும். தள்ளாடும் குஞ்சின் வாயில் எதையும் திணிக்கக் கூடாது.

ஈரமான உமியை இன்றைக்கே அள்ளி வெளியே போடுங்கள். எச்சத்தில் வரும் காக்சிடியா முட்டைகள் ஈரத்திலும் கதகதப்பிலும் ஓரிரு நாளில் அடுத்த குஞ்சைத் தாக்கத் தயாராகிவிடும்.

போன ஐப்பசி மழையில் இன்னொரு குஞ்சு இதே நோயில் விழுந்தது. 12 சொட்டு வைக்கக் கால்மணி நேரம் ஆயிற்று, ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. மூன்றாம் நாள் காலையில் சொட்டு வைக்கப் போன என் விரலை வெடுக்கென்று கொத்தியது. தட்டை முன்னால் வைத்தேன், தானே குடித்தது. அப்போதே ஃபில்லரைக் கழுவி வைத்துவிட்டேன்.