அப்பாவுக்குப் புற்றுநோய் வலி. மார்ஃபின் கொடுத்தால் அதற்கு அடிமையாகிவிடுவாரா?

டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் தயங்காமல் கொடுங்கள். வலிக்காக, சொன்ன அளவில் மார்ஃபின் சாப்பிடும் புற்றுநோயாளி போதைக்கு அடிமையாவது மிக அபூர்வம். உடம்பு மருந்துக்குப் பழகும் என்பது உண்மைதான். அதனால் திடீரென நிறுத்தக்கூடாது. வலி குறைந்தால் டாக்டரே படிப்படியாகக் குறைப்பார். "மார்ஃபின்னா கடைசிக் கட்டம்" என்று வீட்டுக்கு வருகிறவர்கள் சொல்லத்தான் செய்வார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது வலியின் அளவைப் பார்த்துத் தரும் மருந்து, மிச்சமுள்ள நாளைப் பார்த்து அல்ல.

என் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. பாரசிட்டமால், பிறகு டிரமடால், அதுவும் போதாமல் மார்ஃபின். 1986-ல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த படிக்கட்டு முறை இதுதான். டிரமடாலை ஒரு நாளைக்கு 400 மி.கி.க்கு மேல் தர முடியாது. மார்ஃபினுக்கு அப்படிப் பொதுவான உச்சவரம்பு இல்லை. ஆளுக்குத் தக்கபடி டாக்டர் ஏற்றுவார். நீங்களாக ஏற்றாதீர்கள்.

பலரும் கோட்டை விடுவது நேரத்தில்தான். வலி வந்தபின் மாத்திரையைத் தேடினால், அது வேலை செய்வதற்குள் மனிதர் துடித்துப்போவார். சாதாரண மார்ஃபின் மாத்திரை நான்கு மணி நேரம்தான் தாங்கும். காலை 6, 10, 2, 6, இரவு 10 என்று வலி இல்லாவிட்டாலும் மணி பார்த்துக் கொடுத்தோம். நடுராத்திரி எழுப்பாமல் இருக்க, இரவு பத்து மணிக்கு இரண்டு மடங்கு தரச் சொல்லியிருந்தார்கள். நடுவில் வலி கிளம்பினால் தர வேண்டிய கூடுதல் டோஸையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதை எப்போது கொடுத்தீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தால், அடுத்த முறை டாக்டர் அளவை மாற்ற அதுதான் உதவும்.

வலியைப் பத்துக்கு எத்தனை என்று கேட்பார்கள். பெரியம்மாவுக்கு அது பிடிபடவே இல்லை. "பரவால்ல, தாங்கிக்கிறேன்" என்பதுதான் எப்போதும் பதில். "பதினாறணாவுல எத்தனை அணா பெரியம்மா?" என்று அந்தக்கால ரூபாய்க் கணக்கில் நர்ஸ் ஒருவர் கேட்டதும், யோசித்து "பன்னண்டணா இருக்கும்" என்றார். அன்றைக்கே டோஸ் மாறியது. அப்பா எந்த ஊர்க் கணக்கில் பேசுவாரோ அதில் கேளுங்கள். எரிகிறது, ஷாக் அடிக்கிறது என்றால் தனியாகச் சொல்லுங்கள். அது நரம்பு வலியாக இருக்கலாம். அதற்கு அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்றவை சேர்ப்பார்கள். எலும்பு வலிக்கு ஒரே ஒரு தடவை கொடுக்கும் கதிர்வீச்சே பலருக்கு நல்ல பலன் தரும்.

குமட்டலும் தூக்கமும் பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும். மலச்சிக்கல் அடங்காது! முதல் நாளிலிருந்தே பேதி மருந்தும் எழுதித் தரச் சொல்லுங்கள். வாழைப்பழம் மட்டும் போதாது. எழுப்பினாலும் எழாத தூக்கம், மூச்சு மெதுவாவது, உளறல், உடம்பு துள்ளுவது, இவற்றில் எது தெரிந்தாலும் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கிடைப்பதுதான் பெரும்பாடு. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் மார்ஃபின் எடுக்கும் அபின் அரசு உரிமத்தோடு விளைகிறது, ஆனால் நம் தெருமுனை மருந்துக்கடையில் மார்ஃபின் கேட்டால் மேலும் கீழும் பார்க்கிறார்கள். 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில் பல ஆஸ்பத்திரிகள் வைப்பதையே விட்டுவிட்டன. 2014 திருத்தம் விதிகளைத் தளர்த்தியும், அங்கீகாரம் பெற்ற இடங்களில்தான் கிடைக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ புற்றுநோய் மருத்துவமனையிலோ வலி நிவாரணப் பிரிவு எங்கே என்று விசாரியுங்கள். தமிழ்நாட்டில் இருந்தால், படுத்த படுக்கையானவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்ப்பார்கள். மாத்திரை தீருவதற்கு நாலு நாள் முன்பே அடுத்த சீட்டு வாங்கிவிடுங்கள், பண்டிகை விடுமுறை வந்தால் ரொம்பத் திண்டாட்டம்.