மருத்துவரிடம் மறைத்த பொட்டலம்

கேள்வி: ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் என் தம்பிக்கு 26 வயது. பதற்ற நோய்க்காக எட்டு மாதங்களாக இரவில் குளோனாசெபம் சாப்பிட்டு வருகிறான். போன வாரம் அவனுடைய சாப்பாட்டுப் பையில் கஞ்சாப் பொட்டலம் இருந்தது. "இதை இழுத்தால் பயமே வருவதில்லை, இனி மாத்திரை எதற்கு?" என்கிறான். மருத்துவரிடம் சொன்னால் போலீசுக்குப் போய்விடுமோ என்று அம்மா பயப்படுகிறார்.
- வாசகி, காட்பாடி

பதில்: சகோதரி, மாத்திரையைத் தம்பி தானாக நிறுத்தவே கூடாது. மாதக்கணக்கில் சாப்பிட்ட குளோனாசெபத்தைத் திடீரென விட்டால் தூக்கம் கெடும், கை நடுங்கும், சிலருக்கு வலிப்பே வந்துவிடும். மருத்துவர்தான் சிறிது சிறிதாக அளவைக் குறைக்க வேண்டும்.

பயம் தணிந்ததாக அவர் சொல்வது பொய்யில்லை. கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி என்ற வேதிப்பொருள் குறைந்த அளவில் மனத்தைத் தளர்த்தும். அளவு கூடினால் அதுவே பதற்றத்தைக் கிளப்பும். பொட்டலத்தில் அது எவ்வளவு இருக்கிறதென்று விற்பவனுக்கே தெரியாது. ஓர் இளைஞர் நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மாரடைப்பு என்று என்னிடம் வந்தார். நாடித்துடிப்பு 130, ஈசிஜியில் அந்த வேகத்தைத் தவிர வேறு குறையில்லை. கஞ்சா கூட்டிய துடிப்பை அவருடைய பழைய பயம் சாவின் அறிகுறியாக எடுத்துக்கொண்டிருந்தது.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. நாள்தோறும் இழுப்பவர் நிறுத்தினால், ஓரிரு நாளில் எரிச்சலும் தூக்கமின்மையும் பதற்றமும் தொடங்கி முதல் வாரத்திலேயே உச்சத்துக்குப் போகும். கஞ்சாவைப் பற்றி அறியாத மருத்துவர் நோய் முற்றிவிட்டதென்று கருதி மாத்திரையின் அளவைக் கூட்டிவிடக்கூடும். பிறகு மீண்டும் இழுத்தால், கஞ்சாவும் மாத்திரையும் சேர்ந்து ஒன்றன் மந்தத்தை மற்றொன்று கூட்டும். அந்த நிலையில் அவர் இரவு ஷிப்டு முடித்துத் திருவலம் சாலையில் லாரிகளுக்கு நடுவே பைக்கில் வருவதை நினைத்தாலே பதறுகிறது.

அம்மாவிடம் சொல்லுங்கள்: நோயாளி சொல்வதை இரகசியமாகக் காப்பது மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 தரும் உரிமை. பொட்டலம் வைத்திருப்பது குற்றம்தான். ஆயினும் சிறிதளவு வைத்திருந்து வழக்கில் சிக்கிய போதை அடிமை, தாமாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முடித்தால், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் 64ஏ பிரிவில் விலக்கு அளிக்கிறது.

அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையோ பாகாயத்திலுள்ள சி.எம்.சி. மனநல மையமோ உங்களுக்குத் தொலைவில்லை. 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். போகும்போது மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கடைசியாக எப்போது இழுத்தார், எவ்வளவு இழுத்தார் என்பதை அவரே சொல்லட்டும். அந்நேரம் நீங்களும் அம்மாவும் சற்று வெளியே காத்திருங்கள்.