சிங்கி இறால் பிடிக்க மூழ்கும்போது லைசென்ஸ் எங்கே இருக்க வேண்டும்? கலிபோர்னியா கேள்வி பதில்

சிங்கி இறால் (ஸ்பைனி லாப்ஸ்டர்) சீசன் நெருங்கிவிட்டது, லைசென்ஸ் பற்றிச் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று எழுதியிருந்தேன். நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள், நன்றி. நான் சான் டியேகோ பக்கம் பல வருடமாக டைவ் செய்கிறேன். இங்கே சொல்வதெல்லாம் கலிபோர்னியா சட்டம். வேறு மாநிலத்துக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி (கார்த்தி, இர்வைன்): அண்ணா, மீன்பிடி லைசென்ஸ் எப்போதும் கையில் இருக்க வேண்டும் என்கிறார்கள். ஸ்கூபா போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் போகிறவன் காகிதத்தை எங்கே வைப்பது? வெட்சூட்டுக்குள்ளேயா?

வேண்டாம் கார்த்தி. மூழ்குகிறவர்களுக்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. மீன் மற்றும் வேட்டைச் சட்டத்தின் 7145-ஆம் பிரிவைப் பாருங்கள். 16 வயது நிறைந்தவர்கள் லைசென்ஸை உடன் வைத்திருக்க வேண்டும் என்பது பொது விதி. படகிலிருந்து மூழ்கினால் அது படகில் இருந்தால் போதும். கரையிலிருந்து இறங்கினால் கரையில் 500 கெஜத்துக்குள் இருந்தால் போதும் என்று அதே பிரிவு சொல்கிறது. 500 கெஜம் என்பது ஏறக்குறைய 457 மீட்டர். அந்தத் தூரத்துக்குள் நிற்கும் உங்கள் கார் போதும். பழைய ஆட்கள் சிலர் லைசென்ஸை இடுப்புக்கு மேலே வெளியே தெரியும்படி மாட்ட வேண்டும் என்பார்கள். அந்த விதியை 2010 மார்ச்சிலேயே எடுத்துவிட்டார்கள்.

லைசென்ஸோடு இரண்டு விஷயம் சேர வேண்டும். ஒன்று சிங்கி இறால் ரிப்போர்ட் கார்டு, அதாவது எங்கே எத்தனை பிடித்தோம் என்று எழுதும் அட்டை. இன்னொன்று, பாயிண்ட் ஆர்குவெல்லோவுக்குத் தெற்கே கடலில் பிடிப்பவர்கள் லைசென்ஸோடு சேர்த்து வாங்கும் ஓஷன் என்ஹான்ஸ்மென்ட் வேலிடேஷன் என்ற கூடுதல் அனுமதி. ஒரு நாள், இரண்டு நாள் லைசென்ஸ் வாங்கினால் இந்த வேலிடேஷன் வேண்டாம்.

கேள்வி (பெயர் வேண்டாம், லாங் பீச்): ஒரு இடத்தில் இறங்கி, நீரோட்டத்தோடு போய் வேறு இடத்தில் கரை ஏறினால் 500 கெஜம் எங்கிருந்து கணக்கு?

ரிப்போர்ட் கார்டுக்கு இறங்கிய இடத்திலிருந்துதான் கணக்கு. ஆனால் அரை மைல் தள்ளி ஏறப்போகிறோம் என்று முன்பே தெரிந்தால் கையோடு கொண்டுபோவதுதான் நல்லது. திருகு மூடி போட்ட சின்ன நீர்புகாக் குழாய் டைவ் கடைகளில் கிடைக்கும். லைசென்ஸ், கார்டு, ஒரு பென்சில் மூன்றையும் சுருட்டி உள்ளே போட்டு மிதவையில் கட்டிவிடுங்கள். ஏறிய இடத்தில் வார்டன் (மீன், வேட்டை விதிகளைச் சோதிக்கும் அதிகாரி) நின்றால் அங்கேயே காட்டிவிடலாம். ஈர உடையோடு காருக்கு நடந்து போய் எடுத்துவர வேண்டாம்.

கேள்வி (ஜெனிஃபர், ஆக்ஸ்நார்ட்): கயாக்கிலிருந்து மூழ்கினால்?

கயாக்கும் படகுதான். அதில் நீர்புகாப் பையில் வையுங்கள், போதும்.

கேள்வி (செந்தில், டெமெக்குலா): என் மகனுக்கு 12 வயது. ஸ்நார்க்கல் மாட்டிக்கொண்டு என்னோடு வருவான். அவனுக்கு எதுவும் வாங்க வேண்டியதில்லையே?

லைசென்ஸ் வேண்டாம், ஆனால் ரிப்போர்ட் கார்டு கட்டாயம். நிறையக் குடும்பங்கள் தவறிவிடுவது இங்கேதான். சிங்கி இறால் பிடிக்கிற ஒவ்வொருவருக்கும், வயது வித்தியாசமில்லாமல், தனிக் கார்டு இருக்க வேண்டும். அவன் பிடித்ததை அவன் கார்டில்தான் எழுத வேண்டும், உங்கள் கார்டில் எழுதக் கூடாது.

கேள்வி (மாலதி, சான் டியேகோ): கார்டில் எப்போது எழுதுவது? வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு எழுதலாமா?

கூடாதுங்க. அபராதம் கட்டுகிறவர்களில் பலர் லைசென்ஸை மறந்தவர்கள் இல்லை. கார்டை ‘அப்புறம் எழுதிக்கொள்ளலாம்’ என்று விட்டவர்கள். வரிசை இதுதான். தண்ணீரில் இறங்கும் முன்பே மாதம், தேதி, இடத்தின் குறியீடு, எந்த முறையில் பிடிக்கிறீர்கள் என்ற குறியீடு, எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும். முடித்துக்கொண்டு ஏறியதும், அல்லது வேறு இடக்குறியீட்டுக்கு மாறும் முன், எத்தனை வைத்துக்கொண்டீர்கள் என்று நிரப்ப வேண்டும். ஒன்றும் கிடைக்காவிட்டால் பூஜ்யம். மூச்சுவிடும் ரெகுலேட்டரை வாயில் மாட்டும் முன் கார் பானட்டின் மேல் வைத்து எழுதுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கை நனைந்த பிறகு எழுதுவது பெரிய அவஸ்தை.

கேள்வி (விக்னேஷ், டாரன்ஸ்): அப்படியானால் லைசென்ஸையும் கார்டையும் கரையில் விட்டுவிட்டு வெறுங்கையோடு இறங்கலாம், அப்படித்தானே?

வெறுங்கையோடு இல்லை! கேஜ், அதாவது அளவுகோல், உங்களோடு தண்ணீருக்குள் வர வேண்டும். இதற்கு 500 கெஜச் சலுகை கிடையாது. மூழ்கிப் பிடிப்பவர் இறாலைத் தண்ணீருக்குள்ளேயே அளக்க வேண்டும், சிறியதை மேலே கொண்டுவரவே கூடாது. படகில் ஏற்றி வைத்து அளப்பது வளைய வலை போடுகிறவர்களுக்குத்தான்.

குறைந்தபட்ச அளவு மூன்றேகால் அங்குலம், ஏறக்குறைய 8.25 சென்டிமீட்டர். கண்குழியின் பின் விளிம்பிலிருந்து முதுகு ஓட்டின் பின் விளிம்பு வரை, நடுக்கோட்டில் நேராக அளக்க வேண்டும். வாலைச் சேர்க்கக் கூடாது. புதிதாக வருகிறவர்கள் திணறுவது இங்கேதான். மீசையைப் பிடித்து இழுத்தால் அது முறிந்து கையோடு வந்துவிடும், இறால் பொந்துக்குள் போய்விடும். முதுகை மேலிருந்து பாறையோடு அழுத்திப் பிடியுங்கள். வால் படபடவென்று அடித்து முடிக்கும் வரை விடாதீர்கள். பிறகு மீசையின் தடித்த அடிப்பகுதியைச் சேர்த்துப் பிடித்து, இன்னொரு கையால் கேஜின் ஒரு முனையை இரண்டு கொம்புகளுக்கு நடுவே கண்குழியின் விளிம்பில் பதியுங்கள். மறுமுனையைப் பின்னால் இறக்குங்கள். அது ஓட்டின் விளிம்பில் தட்டி நின்றால் வைத்துக்கொள்ளலாம். விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கினால் சிறியது, அங்கேயே விட்டுவிடுங்கள். முடிக்கு முடி சரியாக இருந்து சந்தேகம் வந்தாலும் விட்டுவிடுங்கள். அந்த அளவுக்கு வளரவே அதற்கு 7 முதல் 11 வருடம் ஆகிறது. நாம் கொஞ்சம் பொறுக்கலாம்.

கேள்வி (ராஜேஷ், டாம்பாவிலிருந்து இப்போது குடிவந்தவர்): ஃப்ளோரிடாவில் குச்சியால் தட்டி வெளியே வரவைத்து வலையில் பிடிப்போம். அதே சாமான்களை இங்கே கொண்டுவரலாமா?

வீட்டிலேயே விட்டுவிடுங்கள் ராஜேஷ். கலிபோர்னியாவில் மூழ்குகிறவருக்குக் கை மட்டும்தான். கொக்கி வைத்த எந்தக் கருவியையும் டைவின்போது வைத்திருக்கக்கூடக் கூடாது. நல்ல கையுறை வாங்குங்கள். இன்னொன்று, அங்கே 3 அங்குலத்தைத் தாண்டினால் போதும், இங்கே மூன்றேகால். பழைய கேஜை மறந்தும் எடுத்துவர வேண்டாம்.

கேள்வி (அனிதா, சான் டியேகோ): ஒருவருக்கு ஒரு நாளைக்கு 7 என்கிறார்கள். எனக்கு மூச்சு அதிக நேரம் தாங்காது. என் பங்கையும் சேர்த்து என் கணவர் 14 பிடிக்கலாமா? இருவருக்குமே லைசென்ஸ் இருக்கிறது.

முடியாதும்மா. படகில் உள்ள எல்லோருடைய அளவும் நிறையும் வரை யாரும் பிடிக்கலாம் என்ற சலுகை மீன்களுக்குத்தான், சிங்கி இறாலுக்கு இல்லை. அவர் 7 பிடித்ததும் அவருக்கு முடிந்தது. இன்னொரு விஷயம், கையிருப்பு வரம்பும் 7-தான். வீட்டு ஃப்ரீசரில் போன வாரத்து இறால் 4 இருந்தால், இன்று நீங்கள் 3-க்கு மேல் கொண்டுவரக் கூடாது. நிறையப் பேர் ஃப்ரீசரைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கேள்வி (பெயர் வேண்டாம்): கடற்கரையை விட்டுக் காரில் கிளம்பிவிட்டேன். வழியில் வார்டன் நிறுத்திப் பையைத் திறந்து காட்டச் சொல்லலாமா? நான் தவறு எதுவும் செய்யவில்லையே?

நிறுத்தலாம். இதற்கு நம் ஊரிலேயே நடந்த வழக்கு இருக்கிறது. 2007 ஆகஸ்டில் சான் டியேகோ ஓஷன் பீச்சில் கடலுக்குள் நீளும் பாலத்தில் ஒருவர் கைத்தூண்டிலால் எதையோ பிடித்துப் பையில் போட்டதை ஒரு வார்டன் தொலைவிலிருந்து தொலைநோக்கியில் பார்த்தார். பிடித்தவர் காரில் கிளம்பியதும் சில தெரு தாண்டி வார்டன் நிறுத்தினார். எதையும் பிடிக்கவில்லை என்று காரில் வந்தவர் மறுத்தார், காருக்குள் சிங்கி இறால் இருந்தது. ஆகஸ்டில் சீசனே கிடையாது. வழக்கு கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் வரை போனது. மீன் பிடித்தார் அல்லது வேட்டையாடினார் என்று நம்பக் காரணமிருந்தால், விதியை மீறினார் என்ற சந்தேகம் தனியாக இல்லாவிட்டாலும், வார்டன் வண்டியை நிறுத்திப் பிடித்ததைக் காட்டச் சொல்லலாம் என்று 2011-இல் தீர்ப்பு வந்தது. மீன் மற்றும் வேட்டைச் சட்டத்தின் 2012-ஆம் பிரிவும் அதைத்தான் சொல்கிறது: கேட்டால் லைசென்ஸ், பிடித்தது, பிடித்த கருவி எல்லாவற்றையும் காட்ட வேண்டும்.

சிலர் இதை அத்துமீறல் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருட்டில், கடலுக்கடியில் நடக்கிற ஒன்றைச் சரிபார்க்க வேறு வழி என்ன இருக்கிறது? ஈரக் கையோடு நிற்கும்போது சிரித்த முகமாகப் பையைத் திறந்துகாட்டினால் சீக்கிரம் முடிந்துவிடும்.

கேள்வி (தினேஷ், கார்ல்ஸ்பாட்): லைசென்ஸ் உண்டு, ஆனால் வீட்டு மேஜையில். மாட்டினால் என்ன ஆகும்?

முதல் தடவை 100 முதல் 1,000 டாலர் வரை அபராதம். அன்றைக்கு உங்களிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்ததை நீதிமன்றத்தில் காட்டி, பிடித்ததும் மற்ற விதிகளின்படி சரியாக இருந்தால், நீதிபதி அதை 25 டாலராகக் குறைக்கலாம். ‘குறைக்கலாம்’தான், கட்டாயம் இல்லை.

கேள்வி (சகாய மேரி, சான் மார்க்கோஸ்): குளச்சலிலிருந்து அப்பா வந்திருக்கிறார். சின்ன வயதிலிருந்து மூச்சுப் பிடித்து மூழ்கிச் சிங்கி இறால் எடுத்தவர். சிலிண்டர் இல்லாமல்தானே இறங்குகிறார், அவருக்கும் லைசென்ஸ் வேண்டுமா?

வேண்டும். சிலிண்டரோடு மூழ்கினாலும் மூச்சடக்கி மூழ்கினாலும் விதி ஒன்றுதான். அவர் வெளியூர்க்காரர் என்பதால் வெளியூரார் லைசென்ஸ் எடுக்கலாம், அதில் 10 நாள் லைசென்ஸும் உண்டு. ஒரே நாள் என்றால் ஒரு நாள் லைசென்ஸ் போதும். ரிப்போர்ட் கார்டும் கேஜும் அவருக்கும் தனியாக வேண்டும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இங்கே தண்ணீர் நம் ஊர்க் கடலைப் போல இருக்காது. நல்ல குளிர், கெல்ப் என்ற உயரமான கடற்பாசிக் காடு வேறு. எவ்வளவு அனுபவம் இருந்தாலும் முதல் தடவை பகலில், தடித்த வெட்சூட்டோடு, இன்னொருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கச் சொல்லுங்கள். சீசன் தொடக்க இரவுகளில் இங்கே உயிர்கள் போயிருக்கின்றன. அப்பாவுக்கு என் வணக்கம்.

கேள்வி (பிரவீன், லா ஹோயா): எங்கள் வீட்டுக்கு எதிரே கடலில் கொழுத்த இறால்கள் சர்வசாதாரணமாக உலாவுகின்றன. லைசென்ஸ் இருந்தால் அங்கே பிடிக்கலாமா?

லா ஹோயாவில் உள்ள மத்லாஹுவாய்ல் ரிசர்வ் என்ற கடல் பாதுகாப்புப் பகுதியின் எல்லைக்குள் என்றால் எந்த லைசென்ஸும் செல்லாது. அங்கே எதையும் எடுக்கக் கூடாது. தெற்கு லா ஹோயா ரிசர்விலும் அப்படித்தான், லகூனா பீச் ரிசர்விலும் அப்படித்தான். தென் கலிபோர்னியாவின் இந்தப் பாதுகாப்புப் பகுதிகள் 2012 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. இறங்கும் முன் எல்லையை வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். தண்ணீருக்குள் கோடு போட்டிருக்காது.

கேள்வி (பெயர் வேண்டாம்): வாலை மட்டும் வெட்டி ஐஸ் பெட்டியில் வைக்கலாமா? உணவகம் வைத்திருக்கும் நண்பர் விலைக்குக் கேட்கிறார்.

இரண்டுமே கூடாது. சமைக்கப்போகும் நேரம் வரை அளக்கக்கூடிய முழு உருவில் இருக்க வேண்டும். பொழுதுபோக்கு லைசென்ஸில் பிடித்ததை விற்கவே முடியாது.

கேள்வி (ஹேமா, பசடேனா): சீசன் சரியாக எப்போது தொடங்குகிறது? கார்டு வாங்கிவிட்டு ஒரு தடவைகூடப் போகாவிட்டால் என்ன செய்வது? போன வருடம் எனக்கு அப்படித்தான் ஆனது.

அக்டோபர் முதல் புதன்கிழமைக்கு முந்தைய வெள்ளி மாலை 6 மணிக்குத் தொடங்கும், மார்ச் 15-க்குப் பிறகு வரும் முதல் புதனோடு முடியும். போகாவிட்டாலும் கார்டைத் திருப்பித் தர வேண்டும். ஏப்ரல் 30 கடைசி நாள், இணையத்திலும் பதியலாம். பதியாமல் விட்டால் அடுத்த சீசன் கார்டு வாங்கும்போது தனிக் கட்டணம் கேட்பார்கள். இல்லையென்றால் ஒரு சீசன் வாங்காமல் இருக்க வேண்டும். ‘ஒன்றும் பிடிக்கவில்லை’ என்ற பதிவும் அவர்களுக்குத் தேவைப்படுகிறது. எத்தனை பேர் எவ்வளவு எடுத்தார்கள் என்பதை அந்தக் கார்டுகளை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். போன வருடத்துக் கார்டு இன்னும் உங்களிடமே இருந்தால், புதிது வாங்கும்போது அந்தக் கட்டணத்தையும் சேர்த்து எடுத்துவையுங்கள்.